தெப்பக்குளம் மூன்று சுற்று

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் ஏறத்தாழ 1000 அடி நீளம், 950 அடி அகலம். திருமலை நாயக்கர் 1645ல் வெட்டிய குளம். நாலு கரையின் நீளத்தைக் கூட்டினால் ஒரு சுற்று 1.2 கிலோமீட்டர் வரும். சாலையோரமாகச் சுற்றினால் இன்னும் கொஞ்சம் கூடும். ஓடத் தொடங்கும் மதுரைக்காரருக்கு இதைவிடத் தோதான அளவுகோல் கிடைக்காது. கிலோமீட்டருக்கு எட்டரை நிமிடம் என்று போனால் ஒரு சுற்றுக்குப் பத்து நிமிடம் ஆகும். மூன்று சுற்று அரை மணி நேரம். இதுவரை ஓடியே பழக்கமில்லாத, பெரிய நோய் ஏதும் இல்லாத ஒருவர், வாரம் மூன்று நாள் ஒதுக்கினால் பத்து வாரத்தில் இந்த மூன்று சுற்றை நிற்காமல் ஓடிவிடலாம்.

கிலோமீட்டருக்கு எட்டரை நிமிடம் என்றதும் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். வேகமாக நடப்பவரே பத்து நிமிடத்தில் போய்விடுகிறாரே, இதற்குப் பெயர் ஓட்டமா என்று கேட்பார்கள். ஓட்டம்தான். ஒவ்வொரு அடிக்கும் நடுவே ஒரு கணமாவது இரண்டு காலும் தரையை விட்டுப் பறந்தால் அது ஓட்டம். வேகம் எவ்வளவு என்பது அதற்கு அடுத்த பேச்சு. ஓடத் தொடங்கியவர்கள் முதல் மாதத்திலேயே நிறுத்திவிடுவதற்குப் பெரிய காரணம் இந்த வேகம்தான். பள்ளிக்கூடத்து விளையாட்டு விழாவில் ஓடிய ஞாபகத்திலேயே உடம்பு கிளம்புகிறது. இருநூறு மீட்டரில் மூச்சு முட்டுகிறது, நானூறில் விலாவில் பிடித்துக்கொள்கிறது. ‘நமக்கு இது ஒத்துவராது’ என்று வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஒத்துவராமல் போனது அந்த வேகம் மட்டும்.

சரியான வேகத்தைக் கண்டுபிடிக்க வாட்ச் வேண்டாம். ஓடிக்கொண்டே பக்கத்தில் வருபவரிடம், “என்னண்ணே, இன்னிக்கு இன்னொரு சுத்து கூடப் போவமா?” என்று ஒரே மூச்சில் கேட்க முடிகிறதா பாருங்கள். முடிந்தால் சரியான வேகம். ‘என்னண்ணே’ என்றதும் ஒரு மூச்சு, ‘இன்னொரு சுத்து’ என்றதும் ஒரு மூச்சு வாங்கினால் வேகம் கூடிவிட்டது, குறைக்க வேண்டும். அப்படிக் குறைத்தும் மூச்சு அடங்கவில்லை என்றால் நடக்க வேண்டும். நடப்பது தோல்வி கிடையாது. முதல் எட்டு ஒன்பது வாரத்துப் பயிற்சியில் நடையும் ஒரு பங்கு.

வாரக் கணக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு நாளும் ஐந்து நிமிடம் விறுவிறுவென்று நடந்து தொடங்கி, ஐந்து நிமிடம் மெல்ல நடந்து முடிக்க வேண்டும். நடுவில் முதல் இரண்டு வாரம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, எட்டு தடவை. மூன்றாவது, நான்காவது வாரம் இரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, ஆறு தடவை. ஐந்திலும் ஆறிலும் நாலு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, ஐந்து தடவை. ஏழாவது வாரம் ஆறு நிமிடம், நாலு தடவை. எட்டாவது வாரம் பத்து நிமிடம், மூன்று தடவை. ஒன்பதில் பதினைந்து நிமிடம், இரண்டு தடவை. இந்த மூன்று வாரமும் நடுவே வரும் நடை அதே இரண்டு நிமிடம்தான். பத்தாவது வாரம் மூன்று சுற்று. செவ்வாய், வியாழன், ஞாயிறு என்று நாள் விட்டு நாள் வரும்படி பிரித்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு வாரம் கடினமாகப்பட்டால் அதே வாரத்தை இன்னொரு தடவை செய்யலாம். அதனால் பத்து வாரம் பதினான்கு ஆனாலும் ஒரு நஷ்டமும் இல்லை.

இதில் மூன்றாவது, நான்காவது வாரம்தான் ஆபத்தானது. அதற்குள் மூச்சு பழகிவிடும். இதயமும் ரத்த ஓட்டமும் சில வாரத்திலேயே தேறிவிடுவதால், ‘இன்னும் ஓடலாமே’ என்று ஆசை வரும். ஆனால் எலும்பும், தசையை எலும்போடு கட்டும் தசைநாரும் அவ்வளவு சீக்கிரம் பலப்படாது. அவற்றுக்கு மாதக்கணக்கு வேண்டும். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு பாரம் காலில் இறங்குகிறது. 70 கிலோ உள்ளவருக்கு 140 முதல் 210 கிலோ. நிமிடத்துக்கு 160 அடி என்றால் அரை மணி நேரத்தில் 4800 அடி. மூச்சு ‘போ’ என்று சொல்லும், எலும்பு ‘பொறு’ என்று சொல்லும். பேச்சு வருகிற வேகத்திலேயே இருந்து, அட்டவணையில் உள்ளதற்கு மேல் ஒரு நிமிடமும் ஓடாதவருக்கு இந்த இரண்டு வாரமும் பிரச்சினை இல்லாமல் கடந்துவிடும்.

வலிகளைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. எதற்கு ஓய்வு, எதற்கு ஓடிக்கொண்டே இருக்கலாம் என்று தெரியாமல்தான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். ஓடிய மறுநாள் தொடையிலும் கெண்டைச் சதையிலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வலித்தால் அது வெறும் சதைவலி. இரண்டு நாளில் போய்விடும். முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் உட்பக்க ஓரமாக, கை வைத்தால் நீளவாக்கில் வலிக்கிறது என்றால் எலும்பு தாங்குவதற்கு மேல் ஓடியிருக்கிறீர்கள். ஒரு வாரம், பத்து நாள் நடையோடு நிறுத்திக்கொண்டு, இரண்டு வாரம் பின்னால் போய்த் தொடங்குங்கள். அதே எலும்பில் ஒரு விரல் நுனி அளவு இடத்தில் மட்டும் சுருக்கென்று வலித்து, ஒற்றைக் காலில் குதித்தால் தாங்க முடியவில்லை என்றால் எலும்பில் மயிரிழை விரிசலாக இருக்கலாம். அதற்கு எலும்பு மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். தைலம் தேய்த்துக்கொண்டு ஓடக் கூடாது. காலையில் கட்டிலை விட்டு எழுந்து வைக்கும் முதல் அடியில் குதிகாலில் ஆணி அடித்தது போல வலித்து, நடக்க நடக்கக் குறைந்தால் உள்ளங்கால் சவ்வில் கோளாறு. அதற்குக் கெண்டைச் சதையை நீட்டிவிட வேண்டும்: சுவரில் கை வைத்து, ஒரு காலைப் பின்னால் தள்ளி, குதிகால் தரையில் படியும்படி 30 நொடி நிற்பது. ஒவ்வொரு காலுக்கும் மூன்று தடவை, காலையும் மாலையும். வீட்டுக்குள்ளும் வெறுங்காலில் நடக்காமல் மெத்தென்ற செருப்பு போட்டுக்கொள்ள வேண்டும். முழங்கால் சிப்பியைச் சுற்றி வலித்து, மாடிப்படி இறங்கும்போது கூடினால் தொடைச் சதையும் இடுப்புச் சதையும் பலமில்லை என்று பொருள். நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் மெதுவாக எழுந்து உட்காருவது பதினைந்து தடவை, ஓடாத நாட்களில் மூன்று சுற்று. ஒரு மாதம் விடாமல் செய்தால் அந்த வலி பெரும்பாலும் அடங்கும்.

முழங்கால் வலிக்கு இன்னொரு காரணம், காலை எட்டி வைப்பது. உடம்புக்கு வெகு முன்னால், நீட்டிய காலோடு குதிகால் போய்த் தரையில் இடித்தால் ஒவ்வொரு அடியும் பிரேக் போட்ட மாதிரி. அடியைச் சுருக்கி, பாதம் இடுப்புக்கு நேர் கீழே பக்கமாக விழும்படி பாருங்கள். பதினைந்து நொடியில் இரண்டு காலும் சேர்த்து எத்தனை அடி விழுகிறது என்று எண்ணுங்கள். 36, 37 என்று வந்தால் 39, 40 ஆக்கிப் பாருங்கள். வேகம் கூட வேண்டாம், அடி மட்டும் குறுகட்டும். தோளைத் தளர்த்தி, கைமுட்டியை இறுக்காமல், கண்ணைப் பத்து இருபது மீட்டருக்கு முன்னால் வைத்து ஓடினால் போதும். பாணி என்று இதற்கு மேல் தொடக்கத்தில் ஒன்றும் தேவையில்லை.

ஷூ விஷயத்தில் அளவுக்கு மேல் குழம்ப வேண்டாம், ஆனால் அளவில் தவறக் கூடாது. மாலையில் போய் வாங்குங்கள். நாள் முழுக்க நின்று நடந்த பாதம் அப்போது சற்றுப் பெருத்திருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் பெருக்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். இறுக்கமான ஷூவில் ஓடினால் ஒரே மாதத்தில் பெருவிரல் நகம் கறுத்துவிடும். நம் ஊரில் சிறு வயதிலிருந்து செருப்பிலேயே வளர்ந்த கால் முன்பக்கம் அகன்றிருப்பது வழக்கம். அதனால் நீளம் சரியாக இருந்து சுண்டுவிரல் நசுங்கினால் அகலம் கூடுதலான மாடலைக் கேட்டு வாங்குங்கள். ஒரு ஜோடி 500 முதல் 800 கிலோமீட்டர் வரை தாங்கும். அடிப்பக்கம் தேயாவிட்டாலும் உள்ளே இருக்கும் நுரை செத்துவிடும். கட்டைவிரலால் அழுத்தினால் முன்பு போல அமுங்காது. பருத்தி சாக்ஸ் வேர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு கொப்புளம் போடவைக்கும். பாலியஸ்டரோ நைலானோ கலந்தது நல்லது.

மதுரைப் பக்கத்துச் சக்கிமங்கலத்துப் பெண் ரேவதி வீரமணி, 2021ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். தொடக்க காலத்தில் ஷூ வாங்க வசதியில்லாமல் வெறுங்காலில் போட்டிகளில் ஓடியவர் அவர். அந்த உழைப்பை நினைத்தால் மனம் நெகிழ்கிறது. அதை உதாரணம் காட்டி நாற்பது வயதில் ஒருவர் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுத் தார்ச்சாலையில் இறங்கினால், குதிகால் தசைநாரும் பாத எலும்பும் தாங்காது. அந்தக் கால் பழகிய காலம் வேறு, வயது வேறு.

இனி வெயில். மதுரையில் ஓட்டத்தைத் தீர்மானிப்பது பாதி வெயில்தான், ஆகவே எந்த மாதத்தில் தொடங்குகிறோம் என்பதையே யோசித்துச் செய்ய வேண்டும். மார்கழிதான் நல்ல மாதம். காலை ஆறரை வரை சூரியன் வராது; ஊரும் கோயில் பாட்டோடு நேரத்தில் எழுந்துவிடுகிறது. மார்கழியில் தொடங்கினால் பங்குனிக்குள் பத்து வாரமும் முடிந்து, சித்திரை வெயில் வருவதற்குள் உடம்பு படிப்படியாகப் பழகியிருக்கும். சித்திரையில் தொடங்கித்தான் ஆக வேண்டும் என்பவர் ஐந்து மணிக்குள் கிளம்ப வேண்டும். நாளின் மிகக் குளிர்ந்த நேரம் சூரியன் உதிப்பதற்குச் சற்று முன்பு. மே மாதத்தில் ஆறு மணிக்கு முன்பே விடிந்துவிடும். ஆறரைக்கு வெயில் முதுகில் உறைக்கும். மாலை ஓட்டம் இந்த மாதங்களில் வேண்டாம். சூரியன் இறங்கினாலும், பகல் முழுக்கக் காய்ந்த தாரும் சிமெண்டும் இரவு வரை அனல் விட்டுக்கொண்டே இருக்கும்.

சூட்டுக்கு உடம்பு பழகப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். அதற்குள் வேர்வை சீக்கிரமாகவும் கூடுதலாகவும் வரத் தொடங்கும், அதில் உப்பு குறையும், ரத்தத்தின் நீர்ப்பங்கு கூடும். அந்த இரண்டு வாரம் நேரத்தைக் கூட்டக் கூடாது, வேகத்தையும் கூட்டக் கூடாது. குளிர்காலத்தில் எட்டரை நிமிடத்தில் போன கிலோமீட்டர் சித்திரையில் ஒன்பதே கால் ஆகும். இதயம் ஒரு பக்கம் தசைக்கும் ரத்தம் அனுப்ப வேண்டும், மறுபக்கம் சூட்டை வெளியேற்றத் தோலுக்கும் அனுப்ப வேண்டும். வேகம் குறைவது அதனால்தான். பேச்சுச் சோதனை இங்கேயும் அப்படியே பொருந்தும். வாட்ச் காட்டும் எண்ணை விட்டுவிட்டு, அண்ணனிடம் கேள்வி கேட்க முடிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பதை ஊகிக்க வேண்டாம், ஒரு நாள் அளந்துவிடலாம். ஓடும் முன் எடை பாருங்கள், ஓடி முடித்து வேர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். 70 கிலோ 69.4 ஆகியிருந்து, நடுவில் 200 மில்லி குடித்திருந்தால் போன வேர்வை 800 மில்லி. அடுத்த சில மணி நேரத்தில் அதைவிடக் கொஞ்சம் கூடக் குடித்தால் சரியாகிவிடும். அரை மணி ஓட்டத்துக்குக் குப்பியைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடத் தேவையில்லை. கிளம்பும் முன் ஒரு டம்ளர், வந்ததும் உப்புப் போட்ட நீர்மோர் இரண்டு டம்ளர் போதும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் காலம் வந்தால், வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடிப்பது ரத்தத்தில் சோடியத்தை ஆபத்தாகக் குறைக்கும். அப்போது ஒரு லிட்டர் தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு, ஆறு டீஸ்பூன் சர்க்கரை கலந்து வைத்துக்கொள்ளலாம்.

ஓடும்போது தலை கிறுகிறுத்து, மேனி சிலிர்த்து, குமட்டல் வந்தால் உடனே நிழலில் உட்கார வேண்டும். கூட ஓடுபவர் சம்பந்தமில்லாமல் பேசினாலோ, தள்ளாடினாலோ, மயங்கினாலோ அது வெப்பத்தாக்கு. முதலில் உடம்பு முழுக்கத் தண்ணீரைக் கொட்டி விசிற வேண்டும், கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் வைக்க வேண்டும். இதைச் செய்துகொண்டே 108க்குச் சொல்ல வேண்டும். வேர்வை வந்துகொண்டிருக்கிறதே என்று அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். ஓடும்போது வரும் வெப்பத்தாக்கில் வேர்வை நிற்காமலும் இருக்கும்.

நாற்பது தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, புகைப் பழக்கம் உள்ளவர்கள், அப்பா அம்மாவுக்கு இளம் வயதில் மாரடைப்பு வந்தவர்கள் தொடங்கும் முன் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு ஓடும்போதும், ஓடிப் பல மணி நேரம் கழித்தும்கூடச் சர்க்கரை இறங்கலாம். கிளம்பும் முன் அளவு 100க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், சட்டைப் பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். நெஞ்சை அழுத்துவது, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, திடீர் படபடப்பு இவற்றில் எது வந்தாலும் அன்றைய ஓட்டம் அங்கேயே முடிந்தது. ‘வாயுவாக இருக்கும்’ என்று சோடா குடித்துக்கொண்டு நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எங்கே ஓடுவது என்பதில் மதுரைக்குக் குறையில்லை. தெப்பக்குளத்தில் எப்போதும் ஆள் நடமாட்டம் இருப்பதால் விடியலில் தனியாக வரும் பெண்களுக்கு அது நல்ல இடம். ஆனால் எல்லோரும் ஒரே திசையில் சுற்றுவார்கள். ஒரே பக்கம் திரும்பித் திரும்பி ஒரு பக்க இடுப்பும் முழங்காலும் நோகும். ஒருநாள் வலம், மறுநாள் இடம் என்று மாற்றிக்கொள்ளுங்கள். ரேஸ் கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கத்து ட்ராக்கில் ஓடுபவர் உள் வரிசையைப் பயிற்சி செய்யும் பிள்ளைகளுக்கு விட்டுவிட்டு வெளி வரிசையில் ஓட வேண்டும். உள் வரிசை ஒரு சுற்று 400 மீட்டர், எட்டாவது வரிசை ஏறத்தாழ 453. கணக்குப் போடும்போது இதை மறக்காதீர்கள்.

தெருவில் ஓடினால் வண்டி எதிரே தெரியும்படி வலப்பக்கம் ஓட வேண்டும். சாலை நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்திருக்கும். ஓரத்திலேயே நெடுநாள் ஓடினால் ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை போல ஆகிவிடும். வண்டி வராத நேரத்தில் முடிந்தவரை மட்டமான இடத்தில் கால் வையுங்கள். ஐந்தரைக்கு வாசல் தெளிக்கும் நேரம். சாணத் தண்ணீரும் சிமெண்டுத் தரையும் சேர்ந்தால் வழுக்கும். கோலத்தை மிதிக்காமல் சுற்றிப் போவதற்கும் பேச்சு வருகிற அந்த வேகம்தான் வசதி.

மண் தரை வேண்டுமென்றால் கீழக்குயில்குடி சமணர் மலையடிவாரமும், ஒத்தக்கடை யானைமலைப் பக்கமும், ஊரைச் சுற்றியுள்ள கண்மாய்க் கரைகளும் இருக்கின்றன. செம்மண் தரை காலுக்கு இதமானது. ஆனால் கண்மாய்க் கரை என்றால் சீமைக்கருவேல முள் உண்டு. மெத்தென்ற ஓட்டக் காலணியின் அடியைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்துவிடும். ஓடி முடித்ததும் அடிப்பாகத்தைத் தடவிப் பார்த்துப் பிடுங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் நாளைக்குப் பாதத்தில் ஏறும். திருமங்கலம் பக்கம் கரிசல் மண். மழை பெய்த மறுநாள் அதில் இறங்கினால் ஒவ்வொரு ஷூவிலும் அரைக் கிலோ அப்பிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தப் பக்கத்துக்காரர்கள் தார்ச்சாலையிலேயே ஓடுவது உத்தமம்.

தெருநாய்க்குப் பயந்து ஓட்டத்தையே விட்டவர்கள் உண்டு. நாய் துரத்துவது ஓடுகிற பொருளை. ஓட்டத்தை நிறுத்தி, கண்ணோடு கண் பார்க்காமல், முதுகைக் காட்டாமல் மெதுவாக நடந்து அதன் எல்லையைத் தாண்டுங்கள். பெரும்பாலும் குரைப்போடு விட்டுவிடும். கடித்தாலோ, நகம் கீறி ரத்தம் வந்தாலோ குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ராஜாஜி அரசு மருத்துவமனைக்கோ அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போக வேண்டும். தோலில் போடும் தடுப்பூசி முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28ஆம் நாட்கள். ஒரு ஊசியையும் விடக் கூடாது.

சாப்பாட்டுக்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. அரை மணி ஓட்டத்துக்கு வெறும் வயிறே போதும். பசித்தால் பாதி வாழைப்பழமும் ஒரு வாய் காபியும். வந்து ஒரு மணி நேரத்துக்குள் இட்லி, சாம்பார், ஒரு முட்டை. விளக்குத்தூண் பக்கம் பருத்திப்பால் கிடைத்தால் அதுவும் நல்லதுதான், கருப்பட்டி சேர்ந்தது. ஓட்டத்தைக் கெடுப்பது முந்தின இரவு. பதினொரு மணிக்குக் கொத்து பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுப் பன்னிரண்டுக்குப் படுத்தவரின் வயிறு ஐந்து மணிக்கு இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும். விலாவில் பிடிப்பதும், புளித்த ஏப்பமும், பாதியில் கழிப்பறை தேடுவதும் அதனால் வருபவை. இரவு எட்டரைக்குள் சாப்பிட்டுப் பத்துக்குள் படுப்பது இந்த ஊரில் சிரமம்தான். வாரத்தில் அந்த மூன்று நாளுக்கு முந்தின இரவாவது அப்படி இருந்தால் போதும்.

இடையில் ஓட்டம் விட்டுப்போவதும் நடக்கும். சித்திரைத் திருவிழாவில் தேரோட்டத்தில் தொடங்கி, அழகர் ஆற்றில் இறங்கி, வண்டியூர் போய், மலைக்குத் திரும்பும் வரை இரவும் பகலும் கலைந்துவிடும், சாலையும் கிடைக்காது. அதுபோல ஒரு வாரம் விட்டவர் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். இரண்டு வாரம் விட்டவர் அட்டவணையில் இரண்டு வாரம் பின்னால் போக வேண்டும். எட்டாவது வாரத்தில் நிறுத்தியவர் ஆறாவதில் தொடங்குவார். ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டால் மறுபடி ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. உடம்புக்கு முன்பே பழக்கம் இருப்பதால் இந்தத் தடவை வாரங்கள் வேகமாகக் கடக்கும். மூன்று சுற்றை முடித்தவர் அடுத்த மூன்று வாரமும் அதே மூன்று சுற்றை மட்டும் ஓடட்டும். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு சுற்றைக் கூட்டலாம். செவ்வாயும் வியாழனும் அப்படியே இருக்கட்டும்.